தனிமொழியும் நடிகர் தேர்வும்

கல்வி பயிலும் இளைஞர்க்கு நாடக விருப்பம் தோன்றுதல் இயல்பு. அதனை வீண்பொழுது என்று இகழ்வாரும் உளர். வளர்த்தற்குரிய கலையெனப் போற்றுவாரும் உளர். நாம் போற்றுவார் பக்கமே நிற்போம். ஆயின் விருப்பம் வேறு, பயிற்சி வேறு. பயிற்சியின்றி விருப்பத்தை மட்டுமே கையிற்கொண்டு தேர்வுக்களம் புகுவோர் வெறுங்கையராய் மீள்வதைக் காண்கின்றோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து விடியற்கால இரயிலேறிச் சென்னைக்குச் சென்று, படக்கம்பெனியாரும் நாடகக் குழுவினரும் நடத்தும் நடிகர் தேர்வில் நின்று, மாலையில் திரும்பும் இளைஞர் பலர். தேர்வில் அவர் செய்து காட்டுவது யாது? பெரும்பாலும் ஒன்றே: ‘பராசக்தி’ படத்தின் நீதிமன்றப் பேச்சு. இவ்வழக்கத்தைப் பற்றியும், தனிமொழி என்பது யாது, அதனை எவ்வாறு தேர்ந்து நடித்தல் வேண்டும் என்பது பற்றியும் நம் கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண், அப்பேச்சின் பெருமையைக் குறைத்துக் கூறுதல் நம் நோக்கமன்று. 1952-ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளிவந்த அப்படத்தை இயக்கியவர் கிருஷ்ணன், பஞ்சு என்னும் இருவர். உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, கதாநாயகனாக முதன்முதல் திரையில் தோன்றியவர் சிவாஜி கணேசன். அப்பேச்சை நெட்டுருச் செய்து, லகர ளகர ழகர வேறுபாடு கெடாமலும், மூச்சு முறியாமலும் சொல்லிப் பழகியதனால் தமிழ் உச்சரிப்புத் திருந்தியவர் எத்தனையோ பேர். மேடைக்கூச்சம் நீங்கியவர் அவரினும் பலர். உடற்பயிற்சி செய்வான் தண்டால் எடுப்பது போல, நாவிற்கு அது நல்ல பயிற்சி. ஆனால் தண்டால் எடுப்பது வேறு, மற்போர் செய்வது வேறு அன்றோ?

இவ்விடத்தே நம் ஊரார் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ‘பராசக்தி’யை ஏவி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் நம் வேலூரைச் சேர்ந்தவர். மெலிந்த உடலினராய் இருந்த புதிய நடிகரைக் கண்டு ஏவி. மெய்யப்பச் செட்டியார் தயங்கினார் என்பதும், பெருமாள் முதலியார் தாம் தேர்ந்தவரையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டுமென்று உறுதியாய் நின்றார் என்பதும் திரைப்பட வரலாறு எழுதினோர் பலரும் கூறுவன. அவ்வுறுதிக்குக் காரணம் யாது? சக்தி நாடக சபையாரின் ‘நூர்ஜஹான்’ நாடகத்திலே கணேசன் நூர்ஜஹானாகவே, அதாவது ஓர் அரசியாகப் பெண்வேடம் பூண்டு நடித்ததைப் பெருமாள் முதலியார் கண்டிருந்தார். நீதிமன்றக் கூண்டில் நின்று முழங்கப் போகிறவனை அவர் தெரிந்தெடுத்தது, முழக்கத்தைக் கேட்டன்று. ஒரு பெண்ணின் நடையையும் பார்வையையும் பேச்சையும் தன்னுடையனவாக ஆக்கிக்கொண்ட திறமையைக் கண்டு. ஆகவே சிவாஜியைப் பின்பற்ற விரும்பும் இளைஞன் பின்பற்ற வேண்டுவது அவர் தேர்வு பெற்ற பின் பேசிய பேச்சையன்று. தேர்வு பெறுதற்கு முன் பழகிய பழக்கத்தையே ஆம்.

இனித் தனிமொழியின் வகைகளைக் காண்போம். இது மேல்நாட்டாரிடமிருந்து இரவல் வாங்கிய பொருளென்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார், நாடகத்திற்குரிய சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என மூன்றாக வகுத்துக் காட்டுவர். தன் நெஞ்சோடு கூறுவது உட்சொல்; கேட்போர்க்கு உரைப்பது புறச்சொல். ஆகாயச்சொல் என்பது தானே கூறுவது. வடமொழி நாடக நூலார் ஆகாசபாஷிதம் என்னும் பெயரால் இதனை மேடையில் இல்லாதவரோடு பேசும் பேச்சாகக் கொள்வர். பாணம் என்னும் வடமொழி நாடகவகை முழுவதும் ஒரே நடிகனால், இத்தகைய பேச்சினாலேயே நடத்தப்பெறுவது. இம்முப்பிரிவே இன்றைய தேர்வுக்களத்திற்கும் போதுமானது என்பது நம் துணிபு.

உட்சொல்லுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு, ஹாம்லெட் தன்னுள் ஆராய்ந்து மயங்கும் இடம். பம்மல் சம்பந்த முதலியார் அந்நாடகத்தை ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கினார். 1891-இல் சென்னையிற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்துக் கற்றோரை நாடக மேடைக்கு அழைத்து வந்த பெருமகனார் அவரே. உட்சொல்லை நடிப்போர் பெரும்பாலும் செய்யும் பிழை, தாம் முன்னரே முடிவு செய்த ஒன்றை அவையோர்க்கு அறிவிப்பது போலப் பேசுவது. உட்சொல் அறிவிப்பன்று, தேடல். அடுத்த சொல் யாதென்று பேசுவோனுக்கே தெரியாதது போல அது பிறத்தல் வேண்டும்.

புறச்சொல்லுக்குக் கண்ணகியினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பாண்டியன் அவையிலே அவள் கூறுவது நெடும்பேச்சன்று. தான் யாரென்பதைக் கூறுகின்றாள். கணவன் கள்வனல்லன் என்கின்றாள். தன் சிலம்பின் பரல் இன்னதென்று கூறி மெய்ப்பிக்கின்றாள். ஒரே குறிக்கோள், அதனை நோக்கியே ஒவ்வொரு சொல்லும் செல்கின்றது. ‘பராசக்தி’யின் குணசேகரன் பேச்சும் இவ்வினத்ததே. அதனைத் தேர்வில் ஒப்பிப்போர் மறப்பது யாதெனின், அக்கதையில் நீதிபதியின் ஆசனத்தில் இருப்பவன் அவனுடைய தமையன் என்பதை. கேட்போன் யாரென்பதை மறந்தவுடன் பேச்சு, பேச்சாக இராமல் ஓசையாகி விடுகின்றது. மேலும், தங்கை கல்யாணியின் துன்பத்தை நெடுநேரம் கண்டிருந்த பார்வையாளர்க்கு அப்பேச்சு நெஞ்சை உருக்கும். ஒன்றும் காணாத தேர்வாளர்க்கு, காலை ஒன்பது மணிக்கு, முன்னறிவிப்பின்றி அதே உருக்கத்தை உண்டாக்குவது எளிதோ? சிவாஜியின் குரலோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் தவிர்க்க முடியாததாகின்றது. அவ்வொப்பீட்டில் வெல்வார் யார்?

ஆகாயச்சொல்லே மூன்றினும் அரிது. இறந்த மகனோடு தாய் பேசுவதும், தொலைவிலுள்ள கணவனோடு மனைவி பேசுவதும், தெய்வத்தோடு அடியவன் வழக்காடுவதும் இதனுள் அடங்கும். எதிரில் இல்லாதவரை நடிகன் தன் கண்ணாலேயே உண்டாக்கிக் காட்டுதல் வேண்டும். அவர் நிற்கும் இடம், அவர் உயரம், அவர் முகத்தில் தோன்றும் மாறுதல் யாவும் நடிகனுக்குத் தெளிவாயிருந்தாலன்றிக் காண்போர்க்குத் தெளிவாகா.

ஒரே பேச்சு ஒருவகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதும் உண்டு. நம் கல்லூரித் தொழுகையிற் பன்முறை கேட்ட இளைய குமாரனின் உவமையை எண்ணிப் பாருங்கள். லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்திலே, பன்றிகளிடையே பசித்திருக்கும் அவன், தகப்பனிடம் தான் சொல்ல வேண்டியதைத் தனக்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்க்கின்றான். கூலிக்காரருள் ஒருவனாகத் தன்னை வைத்துக்கொள்ளும்படி கேட்பதாக முடிவு செய்கின்றான். அது உட்சொல். பின்னர்த் தகப்பனைக் கண்டு அதனையே சொல்லத் தொடங்குகின்றான். அது புறச்சொல். ஆனால் கூலிக்காரன் என்னும் பகுதிக்கு அவன் வருமுன்னரே தகப்பன் ஊழியக்காரரை நோக்கி உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லி விடுகின்றான். பயின்று வைத்த பேச்சு பாதியில் நின்றுபோகின்றது. நின்றுபோனதிலேயே கதையின் பொருள் முழுதும் அடங்கியிருக்கின்றது. நடிப்புப் பயில்வார்க்கு இதனினும் நல்ல பாடம் யாதுளது? எதிரில் இருப்பவரே பேச்சை மாற்றுகின்றார் என்பதை இது கற்பிக்கின்றது.

எந்தப் பகுதியைத் தேர்ந்தாலும், அதனை ஆராய்தற்குரிய கருவியும் நம்மிடமே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புக்களாக வைத்து எண்ணுவனவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு என்பனவும் அடங்கும். பேசுவோர் யார்? யாரிடம்? எவ்விடத்தில்? எப்பொழுதில்? எதனைப் பெறுதற்கு? உடலிலே எது புலப்படுகின்றது? இவ்வாறு வினாவுக்கும் விடை எழுதாமல் ஒரு சொல்லையும் நெட்டுருச் செய்தல் ஆகாது. அகப்பாட்டு ஒவ்வொன்றும் ஒருவர் கூற்றாகவே அமைந்திருத்தலின், அவற்றை இவ்வினாக்களோடு படித்த மாணவன் தனிமொழிக்கு வேண்டிய பயிற்சியைத் தமிழ் வகுப்பிலேயே பெற்றவனாவான்.

நம் பழைய வட ஆர்க்காட்டு நிலத்துத் தெருக்கூத்தும் இதனையே வேறுவழியிற் கற்பிக்கின்றது. திரௌபதியம்மன் திருவிழாவிலே பாரதக்கூத்து நடைபெறுங்கால், வேடம் பூண்டவன் இருவர் பிடித்த திரையின்பின் நின்று பாடி, பின்னர் வெளிப்படுகின்றான். கட்டியங்காரன் அவனை நோக்கி, நீர் யார், எவ்வூர், எதற்காக வந்தீர் என்று வினவ, அவன் தன்னை அறிவிக்கின்றான். தேர்வாளரும் ஏறக்குறைய இவையே வினவுகின்றனர். புரிசை கண்ணப்பத் தம்பிரானை முதலாகவுடைய கூத்துக் கலைஞரிடமிருந்து சென்னை நாடகத்தாரும் கற்றனர். ந. முத்துசாமி 1977-இல் தோற்றுவித்த கூத்துப்பட்டறை அக்கலையிலிருந்து பெரிதும் ஊட்டம் பெற்றது; பசுபதி, கலைராணி முதலிய நடிகர் அப்பட்டறையிலிருந்து திரைக்குச் சென்றவர்களே. நம் ஊர்த் திருவிழாவில் விடியவிடிய நடப்பதைக் காணாமல் உறங்கிவிட்டுச் சென்னையிலே அதனைத் தேடுவது வீட்டிற் கிணறிருக்க வெளியிலே நீர் தேடுவது போலாம்.

இவ்வளவும் கூறியபின் நம் முதன்மையான கருத்துக்கு வருவோம். தேர்வுக்குச் செல்லும் நம் மாணவர் இரண்டு தனிமொழிகளைக் கொண்டு செல்க. ஒன்று, நாடக நூலிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்; மற்றொன்று நம் ஊரிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். இங்கிலாந்து நாடகப் பள்ளிகள் பல, பழைய நாடகத்திலிருந்து ஒன்றும் தற்கால நாடகத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு கேட்கும் வழக்கமுடையன. ஒருவனுடைய இரு பக்கங்களையும் அறிதற்கு அது வழி.

நம் ஊரிலே என்ன இருக்கின்றது என்று கேட்பார்க்குச் சொல்வோம். இந்நாட்டுத் தோல் ஏற்றுமதியிற் பெரும்பங்கு பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து செல்கின்றது. ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோருட் பெருந்தொகையினர் பெண்கள். வைகறையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண், முந்தின இரவு வீட்டில் எழுந்த பூசலுக்கு மறுமொழியை மனத்திற்குள் ஒத்திகை பார்க்கின்றாள் என்று கொள்வோம்; அஃது உட்சொல். டேனரி மேஸ்திரியிடம் விடுப்புக் கேட்கும் முதியவர் தம் மகள் திருமணத்தை எடுத்துரைப்பது புறச்சொல். டேனரிக் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்ததென வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தோரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டில் நிலைநாட்டிய தீர்ப்புக்களுள் அதுவும் ஒன்று. கிணறு கெட்ட உழவன் ஒருவன் நீரற்ற அவ்வாற்றின் மணலில் நின்று ஆற்றோடு பேசுவானாயின் அஃது ஆகாயச்சொல். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டிலே கழிவுத்தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் இறந்தனர். அவருட் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவ்விடத்தில் அன்று இரவு முறை மாற்றிக்கொண்டு உயிர்தப்பிய ஒருவனை நாம் கற்பனை செய்துகொண்டால், அவன் தன் நண்பனோடு என்ன பேசுவான்? இவ்வினாவை எந்தத் திரைப்படமும் நமக்காக எழுதித் தந்துவிடவில்லை. நாமே எழுதுதல் வேண்டும்.

இதற்கு இரண்டு தடைகள் கூறப்படும். ஒன்று, நம் ஊர்ப் பேச்சு செம்மையற்றது என்பது. தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்கள் நம்முடையன. ஆம்பூர்க் கடைவீதியில் ஒருவர் ஒரே வாக்கியத்தில் இருமொழி பேசுவது புதிதன்று. அஃது இழிவென்று எண்ணி மாணவர் அதனை மறைக்கின்றனர். எழுத்திலே நாம் செந்தமிழைப் போற்றுவோம். இவ்விதழின் நடையே அதற்குச் சான்று. ஆனால் நாடகத்திலே பாத்திரத்தின் நாவே செம்மை. டேனரித் தொழிலாளியை அடுக்குமொழியிற் பேசவைப்பது அவனை உயர்த்துவதன்று. அவனை மேடையினின்று விலக்குவதே ஆகும். தெளிவான உச்சரிப்பு வேறு, பொய்யான மொழி வேறு. முன்னது வேண்டும், பின்னது வேண்டா.

மற்றொரு தடை இதனினும் உண்மையானது. பிறர் துன்பத்தை எடுத்து நம் பிழைப்புக்குப் பயன்படுத்துதல் முறையோ என்று கேட்கலாம். கேட்கத்தக்கதே. ஒருவர் சொன்னதை அவர் இசைவின்றி எடுத்தல் ஆகாது. பெயரும் ஊரும் குடும்பக் குறிப்பும் மாற்றுதல் வேண்டும். அதனினும் முதன்மையானது, அவரை இரக்கத்திற்குரிய பொருளாக மட்டும் காட்டாமை. தோல் தொட்டியில் நின்று உழைப்பவர் நகையாடுவார். மேஸ்திரியைப்போல் நடித்துக் காட்டுவார். மகன் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லிப் பெருமை கொள்வார். தோல் வேலையையும் அதனைச் செய்வோரையும் நெடுங்காலம் தாழ்த்தி வைத்த நாடு இது. அவர் வீட்டுப் பிள்ளைகள் இன்று நம் வகுப்புக்களில் அமர்ந்திருக்கின்றனர். அவருள் ஒருவன் தன் தந்தையின் பேச்சை வெட்கமின்றி மேடையில் நின்று பேசுவானாயின், அஃது ஒரு வேடத்தினும் பெரிய பேறு. அழுகை ஒன்றே மெய்ப்பாடு அன்று. நகையும் பெருமிதமும் வெகுளியும் உவகையும் மெய்ப்பாடுகளே.

இனித் தேர்வுக்களத்தில் ஒழுகும் முறை பற்றிச் சில கூறுவோம். பகுதி இரண்டு நிமிடத்திற்கு மேற்படாதிருத்தல் நலம். தேர்வாளர் தொடக்கத்திலேயே பெரும்பாலும் கருத்துக் கொண்டு விடுவர். நும் வயதுக்கும் தோற்றத்திற்கும் அணுகிய பாத்திரத்தைத் தெரிந்தெடுங்கள். இருபது வயதினன் கர்ணனின் இறுதி நிலையை நடிப்பதினும், தேர்வில் தவறிய மகனாக நடிப்பது எளிதும் உண்மையும் ஆம். பெயரைச் சொல்லி, பகுதியை ஒரு வரியில் அறிவித்து, ஒரு மூச்சு நின்று தொடங்குங்கள். தொண்டை கட்டியிருக்கிறது, பயிற்சி போதவில்லை என்று முன்கூட்டி மன்னிப்புக் கேளாதீர்கள். கேட்போனாக நினைப்பவனைத் தேர்வாளரின் தலைக்குச் சற்று மேலோ பக்கத்திலோ நிறுத்துங்கள்; தேர்வாளரையே முறைத்துப் பேசினால் அவர் குறிப்பெழுதவும் கூசுவர். காமிராவுக்கு முன்னாயின் குரலையும் கையசைவையும் குறைத்திடுக. மேடைக்கு அளவான முழக்கம் அங்கே மிகையாகும். பேச்சில் மனம் திரும்பும் இடம் எதுவெனக் குறித்து வையுங்கள். அத்திருப்பம் இல்லாத பகுதி தேர்வுக்கு உதவாது. முடித்தபின் உடனே நகையாது, ஒரு கணம் அப்பாத்திரமாகவே நில்லுங்கள். இதையே மெதுவாகச் சொல், சினமின்றிச் சொல் என்று தேர்வாளர் கூறின் மகிழுங்கள். நெட்டுருவை அன்று, மாறக்கூடிய தன்மையையே அவர் சோதிக்கின்றார். சிவாஜியின் குரலை அப்படியே நகல் செய்தவனால் அந்நொடியில் ஒன்றும் செய்ய இயலாது.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. வேடம் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர் தேர்வாளரல்லர், வணிகர். அவரிடம் பொருளிழந்தோர் கதை ஊர்தோறும் உண்டு. பெண் மாணவர் தனியே அழைக்கப்படின் செல்லற்க. துணையோடு, பலரறிந்த இடத்திற்கே செல்க. தகுதியுடைய குழு எதுவும் துணை வருதலைக் குற்றமாகக் கருதாது. முறையாகக் கற்க விரும்புவோர்க்குப் படக்கம்பெனியின் வாயில் ஒன்றே வழியன்று. டில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியும், புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் விளங்கும் நிகழ்கலைப் பள்ளியும் உள்ளன.

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் நடத்தப்பெறும் ஒருவர் நடிப்புப் போட்டியில், திரைப்படப் பேச்சை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் அதனோடு மாணவர் தாமே கேட்டு எழுதிய தனிமொழி ஒன்றும் வேண்டுமென விதிப்பது நலம். கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு என்னும் ஆறனுக்கும் தனித்தனி மதிப்பெண் இடலாம். கூத்துக் கலைஞர் ஒருவரை நடுவராக அழைக்கலாம். வெளியூர்களில் நாடகத்திலும் திரையிலும் பணிபுரியும் பழைய மாணவர் ஒருநாள் வந்து, போலித் தேர்வொன்று நடத்தி, குறை நிறைகளைச் சொல்லிக் கொடுப்பாராயின் அது பெரும் உதவியாகும். நான்கைந்து ஆண்டில் இவ்விதழே அச்சிடத்தக்க தனிமொழித் தொகுதி ஒன்று நம் மாணவரிடமிருந்து கிடைக்கும்.

தேர்வில் வெல்வோர் சிலரே, தோற்போர் பலர். அதனை நாம் மறைக்கவில்லை. ஆயின் பிறன் குரலை இரவல் வாங்கித் தோற்றவன் வெறுங்கையனாய் வீடு திரும்புகின்றான். தன் ஊரின் ஒரு மனிதரை உற்றுக் கேட்டு, அவராகச் சிறிது நேரம் நின்று தோற்றவனோ, முன்னறியாத ஓர் உள்ளத்தை அறிந்தவனாய்த் திரும்புகின்றான். அவ்வறிவு பின்னர் அவன் ஆசிரியனாயினும், மருத்துவனாயினும், டேனரி மேலாளனாயினும் அவனை விட்டு நீங்காது. ஆதலின் நம் இளைஞர் நாடகத்தை விரும்புக, விரும்பியதைப் பயில்க, பயில்வதை நம் பாலாற்றங்கரையிலிருந்தே தொடங்குக.